ராமர் ஓட்டும் நேரம்

22 மார்ச் 2025, சனி. ஜபல்பூர் தாண்டி

இருபத்தோராவது நோன்பு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. துவாக்குடியில் ஏற்றிய பாய்லர் சாமான் பின்னால் அசையாமல் கிடக்கிறது, நேபாளத்து சிமென்ட் ஃபேக்டரிக்கு. ரக்சால் எல்லைக்கு இன்னும் ரெண்டு மூன்று நாள் ஓட்டம். அங்கே போய் வரிசையில் எத்தனை நாள் காய வேண்டுமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அஸர் தொழுதுவிட்டு வந்தால் ராமர் எனக்கு முன்னால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அந்தப் பக்கம் ஏறுங்க பாய், இது என் டைம்." நோன்பு மாசத்தில் சூரியன் மறையும் மஃரிபுக்கு முந்தின அந்தக் கடைசி நேரம் நான் வண்டியைத் தொடக்கூடாது. அவன் போட்ட சட்டம் அது. நாங்கள் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்த முதல் வருஷம், பசி மயக்கத்தில் ஒரு எருமை மேல் ஏற்றப் பார்த்தேன். அவன் கத்தியதில் எருமையும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். அன்றிலிருந்து இப்படி. நான் இடது சீட்டில் தஸ்பீஹ் மணி உருட்ட வேண்டியது, அவன் ஓட்ட வேண்டியது. போனில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து ஒன்று என் வாய்க்கு, அடுத்தது அவனுக்கு. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவான். கொட்டையை ஜன்னல் வழியாகத் துப்புவான். இந்த ஹைவேயில் எங்கேயாவது பேரீச்ச மரம் முளைத்திருந்தால் அது ராமர் நட்டதுதான்.

இதற்குப் பதிலாக நான் அவனுக்குச் செய்வது வைகுண்ட ஏகாதசி. அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான். முழு நாளும் நான்தான் ஓட்டுவேன். அவன் பின்னால் பலகையில் படுத்துக் கிடப்பான். விடியற்காலை ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பதைப் போனில் காட்டுவார்கள். நான் பலகையை ரெண்டு தட்டு தட்டி, "மாப்ள, கதவு திறந்துட்டாங்க" என்பேன். எழுந்து, போனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி படுப்பான். பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம் மேலூர் ரோடு. சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, அப்புறம் ஒரு வருஷம்கூட நேரில் நின்றதில்லை. மார்கழியில்தான் எங்களுக்கு லோடு குவியும்.

போன ஜனவரியில் ரக்சால் பனியில் வைத்துக் கேட்டான், "நான் சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்த வாசல்ல நிப்பேனா பாய்?" பல்லைத் தட்டிடுவேன் என்றேன்.

31 மார்ச், திங்கள். ரக்சால்

பெருநாள். வரிசை நகரவே இல்லை. என் வீட்டுக்காரி ஜீனத் போனில் அழவில்லை, திட்டினாள். இருபது வருஷத்தில் எத்தனை பெருநாளை நான் தின்றுவிட்டேன் என்று கேட்டாள். ராமர் தாபாக்காரனிடம் சண்டை போட்டு எனக்கு சேமியா பாயசம் காய்ச்சி வாங்கி வந்தான். சகிக்கவில்லை. முழுக்கக் குடித்தேன்.

13 ஏப்ரல், ஞாயிறு. பாலக்கரை

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்று ராமரும் அவன் மனைவி மலர்க்கொடியும் சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணித் தட்டுக்கு முன்னால் என் மகள் ஷாஜியா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

அவள் எங்கள் கம்பெனியிலேயேதான் வேலை பார்க்கிறாள். லாஜிஸ்டிக்ஸ் படித்தவள். எந்த லோடு எப்படிப் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. நேபாளத்து ஃபேக்டரிக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு பேங்க், சாமான் வந்து சேர எவ்வளவு புகை ஆகிறது என்று கணக்குக் கேட்கிறதாம். அதனால் இனிமேல் லாரி துவாக்குடியிலிருந்து திருச்சி கூட்ஸ் ஷெட் வரைக்கும்தான். அங்கே கன்டெய்னரை அப்படியே தூக்கி ரயிலில் வைத்துவிடுவார்கள். ரயில் எல்லையைத் தாண்டி நேபாளத்துக்குள் போய்தான் நிற்கும். கஸ்டம்ஸ் சீலை அங்கேதான் உடைப்பார்கள். அங்கிருந்து ஃபேக்டரிக்கு அந்த ஊர் லாரி.

"தொண்ணூறு பெட்டியை ஒரே கரண்ட் இன்ஜின் இழுக்கும் அத்தா. தொண்ணூறு லாரி போற டீசலை நெனச்சுப் பாருங்க."

"அப்ப நானும் உன் ராமர் மாமாவும் இவ்வளவு வருஷமா ஊர் ஊரா புகை விட்டுக்கிட்டுத் திரிஞ்சோம்ங்கற?"

"அத்தா!"

ராமருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரக்சால் வரிசை இல்லையா? தெனம் வீட்டுக்கு வரலாமா? அப்ப இந்த ஏகாதசிக்கு நான் ஊர்லதான் இருப்பேன். வாசல்லயே நிப்பேன்!" என்று எழுந்தே விட்டான். டிசம்பர் முப்பது என்று மலர்க்கொடி காலண்டரே பார்க்காமல் தேதி சொன்னாள். ஷாஜியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமாவுக்குப் பாஸ் எடுத்துத் தருவதாகச் சொன்னாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஏன் இல்லை? சுகர் உடம்பு. ஆனால் ராத்திரி படுக்கும்போது ஒன்று உறுத்தியது. துவாக்குடியிலிருந்து கூட்ஸ் ஷெட்டுக்கு எதற்கு ரெண்டு டிரைவர்?

யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6 மே, செவ்வாய்

பால்பண்ணை ஆபீஸில் மீட்டிங். முதலாளி வேணுகோபால் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தால் ஏதோ கெட்ட சேதி என்று எங்களுக்குத் தெரியும். மூன்று லாரி, ஆறு டிரைவர். இனி ஒரு லாரிக்கு ஒரு ஆள் போதும். வயசில் மூத்தவர்கள் மூன்று பேர் இருக்கட்டும், மற்றவர்களுக்கு வேறு இடத்தில் சொல்லிவிடுகிறேன் என்றார்.

நான் மூத்தவன். ராமர் என்னைவிட ஒன்பது வயசு சின்னவன்.

ஷாஜியாவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். ஸ்க்ரீனில் அவள் போட்ட திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரி கண்ணில் பட்டது: 'இரண்டாவது டிரைவர் – பயண நேரத்தில் பாதி சும்மா இருக்கிறார்.'

சும்மா! படுத்திருப்பவன் சும்மாவா இருக்கிறான்? அவன் படுத்திருக்கிறான் என்ற தைரியத்தில்தானே இவன் ஓட்டுகிறான்.

சொல்லியிருக்கலாம். ராமர்தான் முந்திக்கொண்டான், "பாய் இருக்கட்டும் முதலாளி. அவருக்கு சுகரு. எனக்கு ரோட்டுல ஓட்டினாத்தான் தூக்கம் வரும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே டீக்கடையில் அவன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டான். "மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க பாய். பொண்ணு பெரிய வேலை பார்த்திருக்கா. அதைப் போய் அழுது கெடுக்காதீங்க."

7 மே

ஷாஜியாவிடம் பேசவில்லை. உப்பு எங்கே என்று ஜீனத்திடம்தான் கேட்டேன், அது அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோதும்.

2 ஜூன், திங்கள்

முதல் கன்டெய்னர். கூட்ஸ் ஷெட்டில் இறக்கினேன். பெரிய கிரேன் வந்து நாலு மூலையிலும் கவ்வி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ரயில் மேல் உட்கார வைத்தது. என் பங்கு அரை மணி நேர வேலை. இதே லோடுக்கு முன்பு நாங்கள் பத்து நாள் முதுகு ஒடிய ஓட்டினோம். உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஷாஜியா மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. ரெண்டும் ஒரே நேரத்தில் வருமா? வந்தது.

ரயில் நகர்ந்ததும் ராமருக்குப் போன் போட்டேன். அவன் கரூர் பக்கத்து கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நாக்பூர் லைன். கொசுவலை, பெட்ஷீட் லோடு. "கூட யாருடா?" என்றேன். "நானும் வண்டியும்" என்றான்.

தனியாளாக நாக்பூர். இப்போதெல்லாம் அப்படித்தான் அனுப்புகிறார்களாம்.

14 ஜூலை, திங்கள்

தினம் ராத்திரி வீட்டுச் சோறு. சுகர் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஜீனத் பூரிக்கிறாள். முதல் வாரம் அவளுக்கு நான் வீட்டில் இருப்பது விருந்தாளி வந்த மாதிரி இருந்தது, இப்போது காலுக்குள் பூனை மாதிரி இருக்கிறேனாம்.

ஓட்டுகிற தூரத்தில் ஒரு பாட்டுகூட முடிவதில்லை. பேச ஆளில்லை. நேற்று அரியமங்கலம் சிக்னலில் "பாரு மாப்ள, எப்படி வர்றான்" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

ராமர் ஹைதராபாத் தாண்டி நின்று பேசினான். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பஸ் எல்லாம் அம்மா மண்டபம் பக்கம் சாய்கிறது. ஜீனத் செய்த தம்ரூட் இனிப்பை எடுத்துக்கொண்டு மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். ராமர் இல்லை. மலர்க்கொடி ஆற்றுக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"உங்ககூட போனப்பவும் வீட்ல இல்லதான். ஆனா அப்ப எனக்குப் பயம் கிடையாதுண்ணே. பாய் இருக்காருன்னு படுத்துத் தூங்கிடுவேன். இப்ப அவரு ஓட்டறாரு, இங்க நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஷாஜியாவைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாசமாக அடக்கி வைத்தது. என்னென்னவோ கத்தினேன். புகையைக் கணக்கு பண்ணத் தெரிஞ்ச உனக்கு மனுஷனைக் கணக்கு பண்ணத் தெரியலையே! சும்மா இருக்கான்னு எழுதினியே, அவன் சும்மா இருந்ததாலதான்டி உன் அத்தா உசிரோட இருக்கான்!

அவள் திருப்பிக் கத்தவில்லை. "ரயிலை நிறுத்தச் சொல்றீங்களா அத்தா?" என்று கேட்டாள்.

நிறுத்து என்று சொல்ல முடியவில்லை. ரக்சால் வரிசையில் அத்தனை லாரியும் இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போது விடிகிற விடியலே கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்தவன் நான். திட்டம் தப்பில்லை. தப்பில்லாத ஒன்று என் ஆளை என்னிடமிருந்து பிரித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு யாரைத் திட்டுவது?

"மாமாவுக்கு நான் வழி பண்றேன். லோடு கூடினா நாலாவது லாரி கேப்பேன். அந்த சீட்டு மாமாவுக்குத்தான்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். துவாக்குடியில் இருக்கிற பட்டறை முதலாளிகளுக்கெல்லாம் அப்போதே போன் போட ஆரம்பித்தாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல்.

என் பொண்ணு. பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ராமர் ஊரில்! முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு வந்தான். இளைத்திருக்கிறான். கண் ரெண்டும் மிளகாய் போட்ட மாதிரி சிவப்பு. தூங்குடா என்றால் பெட்ரோல் பங்கில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்க முடியவில்லையாம், டீசல் திருடுகிறார்களாம். ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். பேசிக்கொண்டே இருந்தவன் எங்கள் வீட்டுச் சோபாவில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். வெடிச் சத்தம் காதைப் பிளக்கிறது, அசையவில்லை. ரெண்டு கண்ணும் மூடித்தான் இருந்தது. ஷாஜியா ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு அவன் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்ததும் முதல் வார்த்தை: "ஏகாதசிக்கு லீவு சொல்லிட்டேன் பாய். நீங்களும் ரெங்கா ரெங்கா கோபுரம் வரைக்கும் வரணும். நான் உள்ள போயிட்டு வந்து சொல்றேன்."

12 டிசம்பர், வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ்! ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் ஷாஜியா போன். நாலாவது லாரி வருகிறது. துவாக்குடியில் இன்னும் ரெண்டு பட்டறை ரயிலுக்கு மாறிவிட்டார்கள். முதலாளி ஒப்புக்கொண்டார். ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து ராமருக்கு சீட்.

ராமருக்கு நானே சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஜலதோஷம் பாய்" என்றான். "ஆமாமா, நாக்பூர்ல ஆரஞ்சு அதிகமா தின்னிருப்ப" என்றேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு கடைசி நடை போய்விட்டு இருபத்தெட்டாம் தேதி வந்துவிடுவான். ஏகாதசிக்கு ரெண்டு நாள் முன்னால். நோன்பு மாசத்தில் எங்கள் ரெண்டு வண்டியும் ஒரே ஷெட்டில் நிற்கும்.

27 டிசம்பர், சனி

நாக்பூரில் சரக்கு இறக்க ஆளில்லாமல் மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்தார்களாம். இன்றைக்குத்தான் விட்டார்கள். ராமர் கிளம்பிவிட்டான். முப்பதாம் தேதி விடியலுக்குள் வர வேண்டுமானால் நிற்காமல் ஓட்ட வேண்டும். தனியாள்.

எனக்கு மனசு சரியில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

ராத்திரி பேசினேன். குரலே வேறு மாதிரி இருந்தது.

ஓரங்கட்டிப் படுடா என்றேன். கதவு அடுத்த வருஷமும் திறக்கும் என்றேன்.

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதானே பாய் இத்தனை வருஷம் போச்சு."

"ரெண்டு மணி நேரமாவது தூங்கு."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன். தட்டி எழுப்ப நீங்களா இருக்கீங்க? ஏகாதசி முடிஞ்சப்புறம்தான் கண்ணு முழிப்பேன்."

"நான் போன் பண்ணி எழுப்பறேன். விடியறதுக்கு முன்னால அடிக்கறேன். படு."

சரி என்றான். அவன் சரி என்று சட்டென்று சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். ஆனாலும் சொன்னானே என்று பிடித்துக்கொண்டேன். யா அல்லாஹ், அவன் கண்ணுக்குத் தூக்கத்தைக் கொடு.

29 டிசம்பர், திங்கள்

எழுப்பலாம்னு போன் போட்டேன். தெலுங்குல யாரோ எடுத்தாங்க.

31 டிசம்பர், புதன்

எழுதணும். எழுதலைன்னா தலை வெடிச்சுடும்.

அனந்தபூருக்கு முன்னால, ரோட்டோரம் நின்ன ஒரு லாரிக்குப் பின்னால போய் இடிச்சிருக்கான். பிரேக் போட்ட தடமே இல்லைன்னு போலீஸ் சொன்னாங்க. அப்ப தூங்கிட்டான். நான் படு படுன்னு சொன்னேன், கடைசில ஓட்டிக்கிட்டே தூங்கிட்டான்.

முதலாளி தன் காரைக் கொடுத்தார். நானும் மலர்க்கொடி தம்பி ஆண்டியும் போனோம். அடையாளம் காட்டச் சொன்னாங்க. முகத்துல காயம் ஒண்ணும் இல்ல. சட்டைப் பையில துளசி மாலை இருந்தது, வாசல்ல நிக்கும்போது போட்டுக்கறதுக்கு வாங்கி வச்சது போல. ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு சாயங்காலம் அவனை ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். காரை ஆண்டி பின்னால எடுத்துக்கிட்டு வந்தான்.

ஆம்புலன்ஸ் டிரைவர் தெலுங்குக்காரர், பாவம், அவரும் தனியாள்தான். சேலம் வரும்போது அவர் தலை தொங்குது. நான் அவர் தோளைத் தொட்டு, "தள்ளி உக்காருங்க, இது என் டைம்"னு சொன்னேன். புரிஞ்சுதோ இல்லையோ, தள்ளி உக்காந்தார். தேதி முப்பது ஆயிடுச்சு. ஏகாதசி. ஏகாதசிக்கு நான்தானே ஓட்டணும். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அது மாறினதில்ல.

நாமக்கல், தொட்டியம், முசிறி. கைக்கு ரோடு தெரியும். ஒரு குழி விடாம பார்த்துப் பார்த்து ஓட்டினேன். குழியில இறக்கினா பின்னாலேருந்து "பாய், இடுப்பு போச்சு"ன்னு கத்துவான். கத்தலை. வாத்தலை தாண்டும்போது முக்கொம்புப் பக்கம் லேசா வெளுத்தது. டோல்கேட் திரும்பி கொள்ளிடம் பாலத்துல ஏறினா ராஜகோபுரம் முழுக்க விளக்கு. ஜனம் நடந்து போகுது, ரெங்கா ரெங்கான்னு சத்தம். போலீஸ் தடுப்பு வச்சிருந்தாங்க, இந்தப் பக்கம் வண்டி விடமாட்டோம்னாங்க. என்ன வண்டின்னு பார்த்ததும் ஓரமா நிறுத்தச் சொன்னாங்க, வேற வழி பண்றோம்னு.

நிறுத்தினேன். கோபுரத்தைப் பார்த்து நிறுத்தினேன். போனை எடுத்து சொர்க்கவாசலைப் போட்டேன். கதவு திறந்தது. எல்லாரும் ஓடறாங்க.

எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு தகரம். ரெண்டு தட்டு தட்டினேன்.

மாப்ள, கதவு திறந்துட்டாங்க.

தெலுங்குக்காரர் என் முதுகுல கை வச்சார். அதுவரைக்கும் நான் அழலை. அப்புறம் என்னால நிறுத்த முடியலை.

மேலூர் ரோட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கொண்டுபோனோம். மலர்க்கொடி வாசல்ல நின்னா. "வந்துட்டாரு பாருங்கண்ணே, சொன்ன நாளுக்கு வந்துட்டாரு"ன்னா. சாயங்காலம் ஓயாமரி சுடுகாட்டுல எல்லாம் முடிஞ்சுது. யாரோ சொன்னாங்க, ஏகாதசி அன்னிக்கு ஊர் வந்து சேர்ந்தவனுக்கு நேரா வைகுண்டம்தான்னு. ஆறுதலுக்குச் சொன்னாங்க, எனக்குத் தெரியும். எனக்கு வந்தது கோபம். அவன் கேட்டது அந்தக் கதவு இல்ல. கால் வலிக்க வரிசையில நின்னு, கூட்டத்துல நசுங்கி, வெளிய வந்து என்கிட்ட பெருமை அடிச்சுக்கணும். அதைத்தான் கேட்டான்.

1 ஜனவரி 2026, வியாழன்

நாலாவது லாரி வந்து ஷெட்டில் நிற்கிறது. பூ போட்டிருக்கிறார்கள்.

4 ஜனவரி, ஞாயிறு

ஷாஜியா ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வேலையை விடப்போகிறேன் என்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னாலதானே அத்தா?"

"அந்த சீட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது யாரு? நீதானே. அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அழுதான். ஜலதோஷம்னு சொன்னான்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? அவள் இன்னும் அழுதாள். ஆனால் அதற்கப்புறம் ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

ரயில் இல்லாவிட்டால் இருந்திருப்பான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அந்தக் கம்பெனி ரெண்டு ஆள் போட்டிருந்தால் இருந்திருப்பான். நாக்பூரில் சரக்கு இறக்க ஆள் இருந்திருந்தால் இருந்திருப்பான். அந்த மீட்டிங்கில் நான் சிரிக்காமல் வாயைத் திறந்திருந்தால்? எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிறேன். எதுவும் திறக்கவில்லை.

23 ஜனவரி, வெள்ளி

நேபாளத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. புகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். முதலாளி ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார். சுகர் என்று சொல்லி வேண்டாம் என்றேன். அவரும் சாப்பிடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஷாஜியா எழுந்து, "இனிமே எந்த வழிக்குத் திட்டம் போட்டாலும், யாரை நிறுத்தறோமோ அவங்களுக்கு வேற இடம் உறுதியான அப்புறம்தான் வண்டியை எடுக்கணும் சார்" என்றாள். முதலாளி தலையாட்டினார். பார்ப்போம்.

19 பிப்ரவரி, வியாழன்

முதல் நோன்பு.

துவாக்குடியில் லோடு ஏற்ற நேரமாகிவிட்டது. அஸர் தொழுதுவிட்டு வண்டியை எடுத்தேன். கூட்ஸ் ஷெட் பக்கம்தான், நேரத்துக்குப் போய்விடலாம். திருவெறும்பூர் தாண்டியதும் கை கனத்தது. மயக்கம் இல்லை. என்னவோ செய்யக்கூடாததைச் செய்கிற மாதிரி இருந்தது. சர்வீஸ் ரோட்டில் ஓரங்கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஷாஜியா போன். ஜி.பி.எஸ்ஸில் வண்டி நிற்பது அவளுக்குத் தெரியும்.

"என்னத்தா, வண்டி நிக்குது? ரிப்பேரா? ரயில் ரேக் கிளம்பிடும்."

"ரிப்பேர் இல்லம்மா. இது உன் மாமா ஓட்டற நேரம்."

மெல்லச் சொன்னாள், "இருங்க அத்தா. நான் கூட்ஸ் ஷெட்ல சொல்லிக்கறேன். அடுத்த ரேக்குல ஏத்திக்கலாம். நாளையிலேருந்து இந்த நேரத்துக்கு உங்களுக்கு நடை போடமாட்டேன்."

இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். தஸ்பீஹ் எடுத்தேன். தண்டவாளம் அங்கிருந்து தெரியும். ஒரு கூட்ஸ் ரயில் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, புகையே இல்லாமல். போன நடையில் ஏற்றிய எங்கள் கன்டெய்னரும் எங்கேயோ வடக்கே போய்க்கொண்டிருக்கும். ரக்சால் வரிசையில் யாரும் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

பாங்கு சொன்னார்கள். டப்பாவைத் திறந்தேன். ஒன்றை வாயில் போட்டேன். அடுத்ததை எடுத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, வலது பக்கம் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தேன்.